ஒரே ஒரு டெஸ்ட்

1909இல் பிறந்த இரண்டு கிரிக்கெட் ஆட்டக்காரர்கள். ஒருவர் கோலாலம்பூர், இன்னொருவர் செங்கல்பட்டு. இருவருமே இந்தியாவுக்காக ஆடியது ஆளுக்கு ஒரு டெஸ்ட்தான். மலாக்கா தோட்டப்புறத்துப் பிள்ளைகள் ஏன் அந்த ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை?

1932 ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன் லாட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்டை ஆட இறங்கிய காலை. எதிரே பேட் பிடித்து வந்தவர்கள் சட்கிளிஃபும் ஹோம்ஸும். இந்த ஜோடிதான் பத்து நாளுக்கு முன்பு யார்க்‌ஷயர் அணிக்காக முதல் விக்கெட்டுக்கு 555 ரன் குவித்து உலகச் சாதனை செய்திருந்தது. இந்தியாவைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. ஆனால் முகமது நிசார் ஓடி வந்து வீசிய பந்தில் சட்கிளிஃபின் ஸ்டம்ப் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஹோம்ஸும் அவருக்கே போல்ட்.

அடுத்து நின்றவர் பிராங்க் வூலி. இங்கிலாந்து ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய இடக்கை ஆட்டக்காரர். ஒரு ரன்னுக்கு ஓடினார். தலைப்பாகை கட்டிய இளைஞர் ஒருவர் பாய்ந்து பந்தை எடுத்து, எடுத்த வேகத்திலேயே வீசினார். வூலி ரன் அவுட். ஸ்கோர் பலகையில் மூன்று விக்கெட்டுக்கு 19 ரன். கூட்டம் வாயடைத்துப் போனது.

பந்தை எறிந்தவர் லால் சிங். பஞ்சாபி சீக்கியர்தான், ஆனால் பஞ்சாபிலிருந்து வந்தவரல்ல. பிறந்தது, படித்தது, பந்து பிடிக்கக் கற்றது எல்லாம் கோலாலம்பூரில். நம் ஊர்ப் பிள்ளை.

கிரிக்கெட் பேச்சு இப்போது நம் வீடுகளுக்குள் மறுபடி வந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தது. பாண்டமாரானில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்காவை வீழ்த்திய இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பெண் கமலினியும் இருந்தார். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் திரும்ப நுழைகிறது. ரக்பி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. "நம்ம பிள்ளைகள் யாராவது உண்டா?" என்று கேட்காத வீடு குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால், 90 ஆண்டுக்கு முந்தைய லால் சிங் கதையில்தான் போய் முட்ட வேண்டியிருக்கிறது.

பாடாங்கிலிருந்து லாட்ஸுக்கு

லால் சிங் 1909 டிசம்பர் 16 அன்று பிறந்தார். படித்தது விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். கூட்டு மலாய் மாநிலங்களின் அணிக்கு ஆடும் அளவுக்கு வளர்ந்தார். அந்த நாளில் மலாயாவின் பெரிய கிரிக்கெட் ஆட்டமென்றால் கூட்டு மலாய் மாநிலங்களும் நீரிணைக் குடியேற்றங்களும் மோதுவதுதான். பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஒரு பக்கம். சிங்கப்பூர், பினாங்கு, நம் மலாக்கா மறுபக்கம். 1927இல் டெஸ்ட் ஆட்டக்காரர்கள் பலர் அடங்கிய ஆஸ்திரேலிய அணி ஒன்று கோலாலம்பூருக்கு வந்து மலாயா அணியிடம் 39 ரன்னில் தோற்றுத் திரும்பியது என்றால், இங்கே ஆட்டம் எந்தத் தரத்தில் இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1932 இங்கிலாந்துப் பயணத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டங்கள் இந்தியாவில் நடந்தன. மலாயாவிலிருந்து கப்பலேறிப் போக வேண்டும். உள்ளூர் அபிமானிகள் கைகொடுத்துத்தான் அவரை அனுப்பி வைத்தார்கள் என்று சொல்வார்கள். போனார், தேர்வானார், லாட்ஸில் இறங்கினார்.

பேட்டிங்கில் 15, 29. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா தோல்வியின் விளிம்பில் நின்றபோது, எட்டாவது விக்கெட்டுக்கு அமர் சிங்கோடு சேர்ந்து 40 நிமிடத்தில் 74 ரன் அடித்தார். அமர் சிங் எடுத்த 51தான் டெஸ்டில் ஓர் இந்தியர் அடித்த முதல் அரைச் சதம். ஃபீல்டிங்கிலோ அந்தப் பயணம் முழுக்க லால் சிங் பெயர்தான். அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்லை. பட்டியாலா மகாராஜாவின் ஆதரவில் சில காலம் இந்தியாவில் ஆடினார். பிறகு மலாயா திரும்பினார். ஜப்பான்காரன் காலத்தைக் கடந்தார். பிற்காலத்தில், சிறுவனாகப் பார்த்து வளர்ந்த அதே சிலாங்கூர் கிளப் பாடாங்கின் புல்லைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். 1985 நவம்பரில் கோலாலம்பூரிலேயே காலமானார். அந்தப் பாடாங்தான் இன்று டத்தாரான் மெர்டேக்கா.

[பெட்டிச் செய்தி]
முதல் டெஸ்ட்: லாட்ஸ், 1932 ஜூன் 25, 27, 28
• இங்கிலாந்து: 259, எட்டு விக்கெட்டுக்கு 275 (டிக்ளேர்)
• இந்தியா: 189, 187
• முடிவு: இங்கிலாந்துக்கு 158 ரன்னில் வெற்றி
• அணித்தலைவர்கள்: சி. கே. நாயுடு, டக்ளஸ் ஜார்டின்
• முதல் இன்னிங்ஸில் நிசார்: 93 ரன்னுக்கு 5 விக்கெட்
• ஞாயிறு ஓய்வு நாள். ஆட்டம் மூன்று நாளில் முடிந்தது.

அதே ஜூன் மாதம், மலாக்கா

லாட்ஸில் கைதட்டல் எழுந்த அதே மாதம் மலாக்காவின் கித்தா தோட்டங்களில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1920களின் நடுவில் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற கித்தா, 1932இல் பத்துக் காசுக்கும் கீழே விழுந்து கிடந்தது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாள் கூலி வெட்டப்பட்டது. வேலை இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளில் மலாயாவிலிருந்து இந்தியாவுக்கு அப்படி அனுப்பப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் தமிழர்கள். லால் சிங் எதிர்காலத்தைத் தேடிக் கடந்த கடலையேதான் அவர்களும் கடந்தார்கள், வெறுங்கையோடு.

ஒரு விளையாட்டு வாழ்க்கைக்குத் திறமை மட்டும் போதாது என்பதை இந்த ஒரு மாதமே சொல்லிவிடும். மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கே ஆடுவது? ஆடுமிடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது? ஆடப் போன நாளில் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? திடல், வழிச்செலவு, சம்பளம். லால் சிங்குக்குத் திடலைப் பள்ளி கொடுத்தது. வழிச்செலவுக்கு ஊர் கை கொடுத்தது. சம்பளத்தை ஒரு மகாராஜா பார்த்துக்கொண்டார். அப்படியும் கிடைத்தது ஒரே டெஸ்ட்.

ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு தோட்டத்துப் பையனை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கணக்கு எடுப்பார்கள். இருட்டோடு நிரைக்குப் போய், முந்தின நாள் கோட்டில் ஒட்டிக் கிடக்கும் பாலை இழுத்து எடுத்து ஒட்டுப்பால் கூடையில் போட்டு, வெட்டி, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரம். நூற்றுக்கணக்கான மரம் முடிந்த பிறகு திரும்ப வந்து பால் எடுக்க வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய் நிறுத்துக் கொடுத்து லயத்துக்கு வரும்போது உச்சி சாய்ந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளும் மங்கு கழுவ, ஒட்டுப்பால் பொறுக்க அம்மா பின்னால் போனவர்கள்தான்.

பெரட்டுக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது. கிரிக்கெட்டோ இரண்டு நாள், மூன்று நாள் ஆட்டம். ஓர் ஆட்டம் ஆடினால் அரை வாரக் கூலி போகும். ரக்பி கதை இன்னும் வேடிக்கை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, தொழிலாளிக்கு அன்று வருமானம் இல்லை. தோட்டத்துச் சின்னத் துரைக்கோ மழை பெய்து தரை இளகினால் ரக்பி ஆட அதைவிடத் தோது வேறில்லை.

யாருக்கு எந்த ஆட்டம்?

அந்தக் கால மலாயாவில் ஆட்டங்களுக்கும் படிநிலை உண்டு. உச்சியில் ரக்பி. தோட்டத் துரைகளும் அரசாங்க அதிகாரிகளும் பட்டாளத்தாரும் ஆடியது. அதே பாடாங்கில் ஒரு பருவத்தில் கிரிக்கெட், இன்னொரு பருவத்தில் ரக்பி. கோடையில் பேட், குளிரில் ரக்பிப் பந்து என்று இங்கிலாந்தில் பழகியவர்கள், குளிரே இல்லாத ஊரிலும் அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள்.

அப்படி இரண்டையும் ஆடியவர்களின் பின்னணி என்ன? ரெஜி ஷுவார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரக்பியில் இங்கிலாந்து அணி, கிரிக்கெட்டில் தென் ஆப்பிரிக்க அணி என இரண்டு நாட்டுச் சட்டையும் போட்டவர். இங்கிலாந்து ஆட்டக்காரர் போசன்கே கண்டுபிடித்த கூக்ளியை அவரிடமே கற்றுக்கொண்டு போய்த் தென் ஆப்பிரிக்காவில் பரப்பினார். 20 டெஸ்ட் ஆடினார். முதல் உலகப் போர் ஓய்ந்து ஒரு வாரத்தில், 1918 நவம்பரில், பிரான்சில் விஷக் காய்ச்சலில் இறந்தார். அவர் தென் ஆப்பிரிக்காவில் செய்த வேலை? சுரங்கத்தில் சம்பாதித்த கோடீஸ்வரர் ஏப் பெய்லிக்குச் செயலாளர். அந்த நாட்டு கிரிக்கெட்டுக்குப் பணம் கொட்டியவரும் இதே பெய்லிதான். முதலாளியே கிரிக்கெட் புரவலராக இருந்தால் லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கிரிக்கெட்டில் கொஞ்சம் கதவு திறந்திருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்து, ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணி வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அந்தக் கதவு வழியே நுழைந்தார்கள். டி.பி.சி.ஏ. என்று இன்றும் அழைக்கப்படும் டமிலியன் ஃபிசிக்கல் கல்ச்சர் அசோசியேஷன் 1914இலேயே கோலாலம்பூரில் தொடங்கிவிட்டது. மாதச் சம்பளம், சனி மதியத்தோடு முடியும் வேலை, பட்டணத்துக் குவார்ட்டர்ஸ். மூன்று கேள்விக்கும் அவர்களிடம் ஏதோ ஒரு பதில் இருந்தது.

மலாக்காவிலும் மலாக்கா உயர்நிலைப் பள்ளி, செயிண்ட் பிரான்சிஸ் பள்ளி என்று பழைய ஆங்கிலப் பள்ளிகள் உண்டு. அவை பட்டணத்தில் இருந்தன. தோட்டத்தில் இருந்ததோ தமிழ்ப்பள்ளி. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற சட்டத்தால் முளைத்தது. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். அதற்குமேல் படிக்கப் பட்டணம் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆக, தோட்டத்துக்கு மிஞ்சியது காற்பந்து. லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு சமதரை, நான்கு கம்பு, வசூல் பண்ணி வாங்கிய ஒரு பந்து போதும். திருவிழாவென்றால் பக்கத்துத் தோட்டத்தோடு ஒரு மேட்ச். அந்தச் சமதரைகளில் தொடங்கிய பழக்கம்தான், பின்னாளில் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் தேசிய அணியில் நின்றபோது தோட்டப்புறமே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்காரக் காரணம்.

[பெட்டிச் செய்தி]
கப்பல் கொடுத்த கோப்பை
• முதல் உலகப் போரில் ஜட்லண்ட் கடற்போரில் போரிட்ட எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் செலவை ஏற்றது கூட்டு மலாய் மாநிலங்கள். ஈயமும் கித்தாவும் தந்த வருமானம் அது.
• கப்பல் 1921இல் மலாயாவுக்கு வந்து போனதன் நினைவாகக் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று எனக் கோப்பைகள் வழங்கப்பட்டன.
• 1921இல் நடந்த முதல் மலாயா காற்பந்துக் கிண்ணத்தில் ஆடிய ஆறு அணிகளில் மலாக்காவும் ஒன்று. வென்றது சிங்கப்பூர்.

செங்கல்பட்டிலிருந்து இன்னொருவர்

லால் சிங் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, 1909 ஜூன் 6 அன்று, செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன். சுருக்கமாக எம். ஜே. கோபாலன். நம் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் செங்கல்பட்டும் உண்டு. கோபாலனின் குடும்பம் கிழக்கே கடல் தாண்டவில்லை. பட்டணமான சென்னையின் திருவல்லிக்கேணிக்குப் போனது. அங்கே சேப்பாக்கம் நடந்து போகும் தூரம்.

வேகப் பந்து வீச்சாளர் கோபாலன் சி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரரின் கண்ணில் பட்டார். ஜான்ஸ்டன் பர்மா ஷெல் அதிகாரி. கோபாலனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஐரோப்பியர், இந்தியர் என்று இரு அணியாகப் பிரிந்து பொங்கல் நேரத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும் பிரசிடென்சி மேட்சுக்கு அவர் நட்சத்திரமானார். இன்னொரு பக்கம் ஹாக்கியில் வெளுத்துக் கட்டினார். 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்த முதல் டெஸ்டில், இங்கிலாந்துக்கு எதிராக இந்திய அணியில் இடம். ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதம் அவருடைய சொந்த ஊர்ச் சேப்பாக்கத்திலேயே முதல் டெஸ்ட் நடந்தது. அணியில் அவர் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சி கோப்பை பிறந்தபோது, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. 11 விக்கெட் எடுத்துச் சென்னையை ஜெயிக்க வைத்தவர் ஏ. ஜி. ராம் சிங், சென்னையில் வளர்ந்த சீக்கியர். கோலாலம்பூரில் ஒரு சீக்கியர், சென்னையில் ஒரு சீக்கியர்: இருவரையும் உருவாக்கியது அவர்கள் வளர்ந்த ஊரின் திடல்.

1935இல் கோபாலன் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனார். அடுத்த ஆண்டு இரண்டு அழைப்பு வந்து நின்றது. ஒன்று இங்கிலாந்துக்கு கிரிக்கெட் பயணம். மற்றொன்று பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கி அணி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் போன அந்த அணியில் சண்டையும் சச்சரவும்தான் மிச்சம். லாலா அமர்நாத்தைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. பெர்லினிலோ ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்தின் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது.

அந்தத் தேர்வுக்காக அவரைப் பார்த்துப் பாவப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அவர் தன் காலம் முழுக்க மரியாதையோடுதான் வாழ்ந்தார். 1952-53 பருவத்தில் தொடங்கிய சென்னை-இலங்கை ஆட்டத்துக்கே கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். டெஸ்ட் தகுதி பெறாத நாளில் இலங்கைக்கு அது பெரிய படிக்கட்டு. 2003 டிசம்பரில் அவர் இறந்தபோது உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களிலேயே மூத்தவர். அவருக்கு இரண்டு தேசிய அணிகளிலிருந்து எதை எடுப்பது என்ற குழப்பம் வந்தது. அந்தக் குழப்பம் வருவதற்கே ஒரு பர்மா ஷெல் தேவைப்பட்டது.

[பெட்டிச் செய்தி]
1909இல் பிறந்த இருவர்
• லால் சிங்: கோலாலம்பூர். ஒரே டெஸ்ட், லாட்ஸ் 1932. ரன் 15, 29. மறைவு 1985.
• எம். ஜே. கோபாலன்: மொரப்பாக்கம், செங்கல்பட்டு. ஒரே டெஸ்ட், கல்கத்தா 1934. ஒரு விக்கெட். ஹாக்கியிலும் இந்திய அணி. மறைவு 2003.
• இருவருக்கும் டெஸ்டில் அணித்தலைவர் சி. கே. நாயுடு.

திடல் எங்கே போனது?

இனி நம் காலத்துக்கு வருவோம். மூன்று கேள்வியில் முதல் கேள்வியே இன்று மலாக்காவில் பெரிய கேள்வி.

பண்டார் ஹிலிர் பாடாங்கைப் பாருங்கள். எதிரே 1912இல் கட்டிய மலாக்கா கிளப். வெள்ளைக்காரர்கள் ஆடிவிட்டு ஏறி உட்கார்ந்த இடம். 1956 பிப்ரவரி 20 அன்று அதே பாடாங்கில் நின்றுதான் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்தார். கிளப் கட்டடம் 1985இல் சுதந்திரப் பிரகடன நினைவகமானது. பாடாங் இருந்த இடத்தில் 2000களில் டத்தாரான் பாலாவான் பேரங்காடி எழுந்தது. சுதந்திரம் எல்லாருக்கும் திறந்துவிட்ட திடலில் இன்று ஆடுவதைவிட வாங்குவதுதான் அதிகம்.

தோட்டங்களில் கதை இன்னும் நீளம். மலேசியாவின் வணிகக் கித்தா தோட்டமே மலாக்காவில்தான் தொடங்கியது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் போட்ட கன்றுகள் அவை. பிறகு ஆசாகானில் பெரிய தோட்டம். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் எத்தனையோ குடும்பங்கள் வேரோடு பெயர்க்கப்பட்டன. அதைத் தாங்க முடியாமல்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளியின் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பினார். அதற்குப் பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது.

ஒவ்வொரு முறை தோட்டம் கைமாறும்போதும் நம்மவர்கள் மேசைக்கு மூன்று கோரிக்கையோடு போவது வழக்கம். வீடு, கோயில், பள்ளி. மூன்றும் நியாயமான கோரிக்கை. மூன்றுக்கும் போராட்டம் நடந்திருக்கிறது, நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறார்கள். ஆனால் திடலுக்காகக் கொடி பிடித்த ஊர் அபூர்வம். பள்ளிக் கட்டடம் தப்பிப் பிழைத்த இடத்திலும் திடல் நிறுவனத்தின் நிலத்திலேயே நின்றுபோகும். பகுதி உதவி பெறும் பள்ளி என்றால் நிலம் யார் பெயரில் என்ற சிக்கல் முடிவதற்குள் வேலி வந்துவிடும்.

இது ஏழைப் பள்ளியின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2008இல் விராத் கோலி தலைமையில் இந்தியா 19 வயதுக்குட்பட்ட உலகக் கிண்ணத்தை வென்ற கின்ராரா ஓவல் மைதானத்தையே மலேசியக் கிரிக்கெட் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. நிலம் வேறொருவருடையது. 2022இல் வழக்கில் தோற்று வெளியேறினார்கள். உலகக் கிண்ணம் தூக்கிய புல்லுக்கே பட்டா இல்லையென்றால், தோட்டத்துச் சமதரைக்கு என்ன பாதுகாப்பு?

இன்னொரு முரண் புக்கிட் ஜாலில். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியை நடத்தியது. கிரிக்கெட்டும் எழுவர் ரக்பியும் காமன்வெல்த்தில் முதல்முறை சேர்ந்தது அந்த ஆண்டுதான். போட்டிக்காக எழுந்த தேசிய விளையாட்டரங்கம் நிற்கும் புக்கிட் ஜாலில், தமிழ்த் தொழிலாளர்கள் பல தலைமுறை பால் வெட்டிய தோட்டம். மிச்சமிருந்த குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டு அலைந்தன. உலகமே வந்து விளையாடிய மண், அதில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விளையாடக் கிடைக்கவில்லை.

கூடத்துக்குள் நுழைந்த ஆட்டம்

இதன் விளைவு என்ன என்று தேட வேண்டியதில்லை, பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் போதும். இன்று மலேசியத் தமிழர் பெயர் உரக்க ஒலிப்பது எங்கே? ஸ்குவாஷில் சிவசங்கரி. பூப்பந்தில் தீனா. கராத்தேயில் ஆண்டுக்கு ஆண்டு புதுப் பெயர்கள். எல்லாம் கூரைக்குக் கீழே ஆடும் ஆட்டங்கள். தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மேசை நாற்காலியை ஓரம் தள்ளினால் கராத்தே வகுப்பு நடக்கும், சிலம்பமும் சுற்றலாம். 22 பேர் ஆடவும் பந்து எல்லைக் கோட்டைத் தொடவும் அந்த மண்டபம் போதாது.

இந்தப் பெண்களின் வெற்றி நமக்குப் பெருமை. அதோடு ஒன்றையும் கவனிக்க வேண்டும். கூடத்துக்குள் ஆடும் ஆட்டத்தில் திடலை ஊர் தர வேண்டியதில்லை, ஆனால் கட்டணத்தைப் பெற்றோர் தர வேண்டும். ஆடுகள வாடகை, பயிற்சியாளர் சம்பளம், ராக்கெட், போட்டிக்குப் போக்குவரத்து. பட்டணத்தில் நிலையான வருமானம் உள்ள குடும்பம் அதைத் தாங்கும். ஆசாகானிலும் தெபோங்கிலும் இருக்கும் குடும்பத்துக்கு அது மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய கீற்று. ஊர் சேர்ந்து சுமந்த செலவு இப்போது ஒரு வீட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி, வழிச்செலவு. மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு எல்லாம் பெரும்பாலும் பட்டணத்துப் பக்கம். அப்பா வேலையில், அம்மா வேலையில். பள்ளி வேன் சாயங்காலம் ஓடாது. மாமா யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால் உண்டு. தேர்வுக்கு வராத பையனைத் "திறமை இல்லை" என்று யாரும் எழுதுவதில்லை, "வரவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்.

மூன்றாவது, சம்பளம். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. படிவம் நான்கு வந்ததும் எஸ்.பி.எம். பயம். பிரத்தியேக வகுப்பா பயிற்சியா என்றால் வகுப்புதான் ஜெயிக்கும். பந்து சோறு போடுமா என்று கேட்கும் அப்பா, தன் அப்பா பெரட்டில் நின்ற கணக்கைத்தான் கேட்கிறார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி. மூன்று தலைமுறையாக அந்தக் கணக்கு மாறவில்லை.

என்ன கேட்பது?

மலேசியக் கிரிக்கெட்டில் நம் பெயர்கள் அடியோடு இல்லை என்பது உண்மையல்ல. தேசியப் பெண்கள் அணியை வினிஃப்ரட் துரைசிங்கம் வழிநடத்தினார். ஆண்கள் அணியிலும் தமிழ்ப் பெயர்கள் வந்து போகின்றன. ஆனால் அவர்கள் வந்தது தோட்டப்புறத்துத் திடல்களிலிருந்து என்று சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

லால் சிங்கையும் கோபாலனையும் வைத்து, "முயற்சி செய்தால் முடியும்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது எளிது. அவர்கள் வாழ்க்கை சொல்வது அதைவிடக் கறாரானது. அவ்வளவு திறமை, பக்கத்தில் திடல், ஒருவருக்கு ஊர்ப்பணமும் மகாராஜாவும், இன்னொருவருக்குக் கம்பெனி வேலை. இத்தனையும் சேர்ந்து ஆளுக்கு ஒரு டெஸ்ட். மூன்றில் ஒன்றும் இல்லாத பிள்ளையிடம் முயற்சியை மட்டும் கேட்பது நியாயமில்லை.

ஆகவே கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். தோட்டம் கைமாறும் பேச்சில் வீடு, கோயில், பள்ளி என்ற பட்டியலில் நான்காவதாகத் திடலையும் எழுதி, அதற்குத் தனிப் பட்டா கேட்க வேண்டும். அளவு எவ்வளவு, யார் பெயரில், புல் வெட்டும் செலவு யாருடையது என்பது வரை எழுத்தில் வர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு வசூலிப்பதில் ஒரு பங்கைத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் வேனுக்கு ஒதுக்கலாம். கோயில் நிர்வாகங்கள் திருவிழாக் கணக்கில் ஒரு வரியைச் சேர்க்கலாம். தமிழர் நிறுவனங்கள் காலண்டர் அடிப்பதோடு நிற்காமல், மாநில அணியில் ஆடும் ஓர் இளைஞனுக்கு வேலையும் ஆட்ட நாளில் சம்பளத்தோடு விடுப்பும் கொடுத்தால், அது பர்மா ஷெல் அன்று செய்ததுதான்.

1932இல் ஊர் சேர்ந்து ஒருவரைக் கப்பலேற்ற முடிந்தது. அப்போது கித்தா ராத்தல் பத்துக் காசுக்கும் கீழே. அந்தப் பஞ்சத்திலேயே முடிந்த காரியத்துக்கு இன்று காசில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?